எத்தனை கிலோ, எத்தனை மாதம்? குழந்தைப்பேற்றுச் சிகிச்சையும் உடல் எடையும்: வாசகர் கேள்வி - பதில்

எடைக்கும் கரு தங்குவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் வைத்து இரண்டு முறை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ. 60 கிலோ எடையும் 150 சென்ரிமீற்றர் உயரமும் உள்ளவருக்கு 60 ÷ 1.5 ÷ 1.5 = 26.7. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான எடை. 23 தாண்டினால் கவனம் வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம். வெளிநாட்டு ஆய்வுகளில் 30க்கு மேல்தான் 'உடற்பருமன்' என்று எழுதுவார்கள். உயரத்தைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அதே 60 கிலோ பெண்ணின் உயரத்தை 153 என்று தவறாக எழுதினால் சுட்டி 25.6க்கு இறங்கிவிடும். குதிகால், பின்புறம், தலை மூன்றும் சுவரில் பட நின்று, செருப்பில்லாமல் அளக்க வேண்டும். எடை பார்க்கும்போது ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றிவிடுங்கள். நம் குளிருக்குப் போடும் உடுப்பே ஒரு கிலோ வந்துவிடும்.

கேள்வி: எனக்கு 29 வயது. கொட்டகலையில் ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷம். உயரம் 154, எடை 84 கிலோ. மாதவிடாய் 45 நாள், 60 நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு பீ.சீ.ஓ.எஸ். (சூலகத்தில் நீர்க்குமிழிகள் தெரியும் ஹோர்மோன் கோளாறு) என்றார்கள். "எடையைக் குறைத்துவிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு, எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை. 30 கிலோ குறைத்தால்தான் மருந்து தருவார்களா?

பதில்: 30 கிலோ வேண்டியதில்லை, சகோதரி. உங்கள் சுட்டி 35.4. இந்த நிலையில் உள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே பலருக்குச் சூலகம் மறுபடி முட்டை விடத் தொடங்குகிறது. உங்கள் கணக்குக்கு அது 4 முதல் 8 கிலோ. முதல் இலக்காக 80 கிலோவை வையுங்கள். அதற்கு மூன்று மாதம் போதும். அடுத்தது 76.

இவ்வளவு சிறிய இறக்கம் ஏன் வேலை செய்கிறது? வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட உடல் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டுகிறது. ஈரலில் உருவாகி ஆண் ஹோர்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தையும் அது குறைத்துவிடுகிறது. விளைவு, முட்டைப் பைகள் வளரத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் சிறு சிறு நீர்க்குமிழிகளாகத் தெரிபவை அவைதான். எடை இறங்கும்போது முதலில் கரைவது வயிற்றின் உள்ளே இருக்கும் கொழுப்பு. ஆகவே சேலை கட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியும் முன்னரே இன்சுலின் இறங்கிவிடும். இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். நாளுக்கு 500 கலோரி அளவு குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை இறங்கும். அந்த 500ஐ நம் வீட்டிலேயே தேடலாம். 80 கிராம் கோதுமை மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சேர்ந்த ஒரு ரொட்டி 350 முதல் 400 கலோரி வரும். காலையில் இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல் என்று சாப்பிடுபவர் ஒரு ரொட்டியை விட்டு, அந்த இடத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு சிறு கோப்பை அவித்த கடலையோ வைத்தால் 200க்கு மேல் மிச்சம். அடுத்தது தேத்தண்ணி. நாளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 12 தேக்கரண்டி, 200 கலோரிக்குக் குறையாது. பாடசாலை இடைவேளையில் ஒன்று, டியூஷனில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று குடிப்பது கணக்கில் வருவதே இல்லை. சீனியை ஒரேயடியாக நிறுத்தப் போய் நாலாம் நாள் பழையபடி போடுபவர்கள்தான் அதிகம். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். மதியச் சோற்றுத் தட்டில் பாதி மரக்கறி இருக்கட்டும். கோவா, போஞ்சி, லீக்ஸ், கரட் நம் மண்ணில் விளைபவை. பருப்பு, நெத்தலி, மீன், முட்டை இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். புரதம் இல்லாமல் வெறும் சோற்றை மட்டும் குறைத்தால் நாலு மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட் பைக்கற்றைத் திறப்பீர்கள். எடைக்குறைப்பு முயற்சிகள் அதிகம் உடைவது அந்த இடத்தில்தான்.

நடை வாரத்துக்கு 250 நிமிடம் வேண்டும். பேசிக்கொண்டு நடக்கலாம், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். கடைத்தெருவுக்கு இறங்கிப் போய் ஏறி வருவதை நாளுக்கு 35, 40 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விடயம். எடை குறையும்வரை மருத்துவப் பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். தைரொயிட்டுக்கு டீ.எஸ்.எச்., புரோலக்டின், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை, கணவருக்கு விந்துப் பரிசோதனை இவை நான்கும் இந்த மாதமே நடக்கலாம். பீ.சீ.ஓ.எஸ். உள்ளவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் எகிறுவது உண்டு. அதனால்தான் 75 கிராம் பரிசோதனையையே கேளுங்கள் என்கிறோம். இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. முட்டை விடுகிறதா என்று பார்க்கும் புரோஜெஸ்டரோன் இரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் 21ஆம் நாள் எழுதிவிடுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கே அது பொருந்தும். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய பரிசோதனை அது. 45 நாள் சுற்று உள்ள உங்களுக்கு 38ஆம் நாளை ஒட்டித்தான் எடுக்க வேண்டும். 21ஆம் நாள் எடுத்தால் 'முட்டை இல்லை' என்ற பொய்யான பதில்தான் கிடைக்கும்.

மருந்து என்று வந்தால், பீ.சீ.ஓ.எஸ்.க்கு முதலில் எடுக்கும் மருந்து லெட்ரோசோல் என்ற முட்டை வளர்க்கும் மாத்திரை. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அதே வேலைக்கான குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி ஐந்து நாள், 2.5 மில்லிகிராம். முட்டை வளரவில்லை என்றால் அடுத்த சுற்றில் 5, பிறகு 7.5 என்று கூட்டுவார்கள். தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இன்சுலினைச் சீராக்கும் மெட்ஃபோர்மின் தந்தால் 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாகக் கூட்டுங்கள். முதல் வாரமே முழு அளவு எடுத்து வயிற்றோட்டம் பிடித்து நிறுத்திவிடுபவர்கள் பலர். மாதவிடாய் 90 நாளைத் தாண்டித் தள்ளிப்போனால் அப்படியே விடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்கலாம். எல்லாப் பெண்களுக்கும் நாளுக்கு 400 மைக்ரோகிராமாவது வேண்டும். சுட்டி 30க்கு மேல் உள்ளவருக்கு 5 மில்லிகிராம் மாத்திரை. அதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது, பதுளை. உயரம் 158, எடை 78 கிலோ. இரண்டு கருக்குழாய்களிலும் அடைப்பு, ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் கருவாக்கிப் பதிப்பது) தான் வழி என்றார்கள். ஆனால் 12 கிலோ குறைத்த பிறகுதான் தொடங்கலாமாம். ஒரு வருஷமாக முயன்று நாலு கிலோ இறங்கி, மூன்று ஏறிவிட்டது. இன்னும் காத்திருக்கவா?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் சுட்டி 31.2. முந்தைய கடிதம் எழுதிய சகோதரிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அவருக்குக் குழாய் திறந்திருக்கிறது என்றால் எடை இறங்கி முட்டை விட்டாலே இயற்கையாகக் கரு தங்க வாய்ப்பு வரும். உங்களுக்குக் குழாய் அடைத்திருப்பதால் எத்தனை கிலோ குறைத்தாலும் முட்டையும் விந்தும் சந்திக்க வழி இல்லை. எடை தரக்கூடிய பெரிய நன்மை உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

இதை நெதர்லாந்தில் 577 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சுட்டி 29 அல்லது அதற்கு மேல். ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் எடைக்குறைப்பு, பிறகு சிகிச்சை. மறு பாதியினருக்கு உடனே சிகிச்சை. முதற் குழுவினர் சராசரியாக 4.4 கிலோ குறைத்தார்கள். 24 மாதத்துக்குள் மாதம் நிறைந்து, சுகப்பிரசவமாக, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். எடைக்குறைப்புக் குழுவில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை எடுத்த குழுவில் 35.2 சதவீதம். ஆனால் சிகிச்சை இல்லாமலே கர்ப்பமானவர்கள் எடைக்குறைப்புக் குழுவில்தான் அதிகம்: 26.1 எதிர் 16.2. இது 2016இல் வெளியானது. மறுவருடம் சுவீடனும் அண்டை நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஐ.வி.எஃப்.க்கு முன் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 29.6 சதவீதம் பேருக்கும், குறைக்காதவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியென்றால் எடை பொருட்டே இல்லையா? பொருட்டுத்தான். உடற்பருமன் உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப்.இல் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, சரியான எடை உள்ளவர்களைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்று பெரிய தொகுப்பாய்வு காட்டுகிறது. கருச்சிதைவும் சற்றுக் கூடுதல். கர்ப்பத்தில் சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல், சிசேரியன் எல்லாம் கூடும். ஆனால் வயது 38இலிருந்து 40க்குப் போவதால் முட்டைக்கு ஏற்படும் இழப்பு இதைவிடப் பெரிது. போன முட்டையை எந்தச் சாப்பாட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே அடுத்த தடவை டொக்டரைப் பார்க்கும்போது இப்படிக் கேளுங்கள்: "என் ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு என்ன? ஸ்கேனில் எத்தனை முட்டைப் பைகள் தெரிகின்றன? என் வயதுக்கு முட்டையை இப்போதே எடுத்து, கருவை உறைய வைத்துவிட்டு, பிறகு எடையைக் குறைத்துக் கருவைப் பதிக்க முடியுமா?" இந்த மூன்றாவது வழி உங்களைப் போன்றவருக்கு நன்றாகப் பொருந்தும். முட்டையின் வயது 38இலேயே நின்றுவிடும், உடம்பைத் தயார் செய்ய நாலைந்து மாதமும் கிடைக்கும். அந்த இடைவெளியில் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 6.5க்குள் வந்த பிறகு கரு பதிப்பதே பாதுகாப்பு. எவ்வளவு கேட்டும் மறுத்தால் இன்னொரு வைத்தியரிடம் அபிப்பிராயம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அறிக்கைகள் எல்லாவற்றின் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: நாவலப்பிட்டியிலிருந்து எழுதுகிறேன். வயது 33, சுட்டியும் 33. அடுத்த மாதம் ஐ.வி.எஃப். தொடங்குகிறார்கள். எடை கூடினவர்களுக்கு ஊசி வேலை செய்யாதாமே?

பதில்: வேலை செய்யும், அளவும் நாளும் கூடலாம். எடை அதிகமானவர்களுக்கு முட்டை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஊசி கூடுதல் அளவிலோ ஓரிரண்டு நாள் கூடுதலாகவோ தேவைப்படும். ஊசியைத் தொப்புளிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். மருந்து 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியதென்றால், கொண்டுவரும் வழியில் ஐஸ் பைக்கற்றில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றுங்கள். உறைந்த மருந்து பயன்படாது. வீட்டில் மின்வெட்டு நீண்டால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வையுங்கள்.

முட்டை முதிர்வதற்குப் போடும் கடைசி ஊசிதான் உயிர்நாடி. முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு, சொன்ன நிமிடத்தில் போட வேண்டும். இரவு பத்து மணி ஊசியைப் பன்னிரண்டுக்குப் போட்டு அந்தச் சுற்றையே இழந்தவர்கள் உண்டு. மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி அடைபடுவதை நினைத்து, முட்டை எடுப்பதற்கு முதல் நாளே நகரத்தில் தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

முட்டை எடுப்பது மயக்கத்தில். தூக்கத்தில் குறட்டை விடுவீர்கள், மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவீர்கள் என்றால் மயக்கமருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எடை கூடியவர்களுக்கு மயக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் ஆபத்து அதிகம். ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். ஊசி போடும் நாட்களில் பட்டினி கிடந்து எடை குறைக்க முயலாதீர்கள். ஒரு கருவை மட்டும் பதிக்கச் சொல்லுங்கள், இந்த எடையில் இரட்டைப் பிள்ளை உங்களுக்குப் பெரும் சுமை. முட்டை எடுத்த பிறகு தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, வயிறு ஊதி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அது கொழுப்பு அல்ல, சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றில் தேங்கும் நீர். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: மெலிய வைக்கும் பொடி ஒன்று ஃபேஸ்புக்கில் விற்கிறார்கள். அண்ணிக்கு ஒரு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. வாரம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறதாம். பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டே எடுக்கலாமா? (பண்டாரவளை)

பதில்: பொடி வேண்டாம். இப்படிப்பட்ட பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இருதயத்தைப் பாதிக்கிறதென்று 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. வயிற்றைப் போக்கும் இலை கலந்த 'தேநீர்' குறைப்பது தண்ணீரையும் உப்பையும்தான். வாராந்த ஊசியான செமாகுளூடைட் உண்மையான மருந்து, டொக்டர் கண்காணிப்பில் எடுக்கலாம். ஆனால் அதை எடுக்கும் காலத்தில் கருத்தடை கட்டாயம். கர்ப்பத்துக்கு முயலக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். பசியடங்கி மாதவிடாய் ஒழுங்காகும்போது எதிர்பாராமல் கர்ப்பம் தங்கிவிடுவது நடக்கிறது. எடைக்காக இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து ஒரு தாய். என் மருமகள் நல்ல குண்டு, 72 கிலோ. மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை. அவளை மூன்று டொக்டரிடம் காட்டிவிட்டோம். இப்போது மகனுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அவன் லொறி ஓட்டுகிறான், 96 கிலோ, நல்ல பலசாலி. ஆம்பிளைக்கு எதற்கு டெஸ்ட்?

பதில்: அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மூன்று டொக்டரிடமும் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது மகனின் பரிசோதனைதான். பிள்ளை தங்காத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஆண் பக்கக் காரணமும் கலந்திருக்கிறது. மூட்டை தூக்கும் பலத்துக்கும் விந்தணுவுக்கும் தொடர்பில்லை. மருமகளுக்குக் குத்திய ஊசிகளையும் எடுத்த ஸ்கேன்களையும் பார்க்கும்போது, மகனுக்கு ஒரு போத்தலில் மாதிரி கொடுப்பது மட்டும்தான் வேலை.

ஆணுக்கும் எடை பொருட்டு. கொழுப்புத் திசு ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுகிறது. தொடைகளுக்கு நடுவே சூடு கூடுகிறது. லொறியில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஓட்டும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். சிகரெட்டையும் கசிப்பையும் விடச் சொல்லுங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும். இன்று செய்யும் மாற்றம் மூன்று மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தெரியும்.

மாதிரி எடுப்பதில்தான் நம் பக்கத்தில் அதிகம் பிழைக்கிறது. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சவர்க்காரம், எச்சில், ஆணுறை எதுவும் படக் கூடாது. முதல் துளி சிந்திவிட்டால் சொல்லிவிட வேண்டும், விந்தணு அதிகம் இருப்பது அந்த முதற்பகுதியில்தான். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே ஆய்வுகூடத்தில் சேர வேண்டும். தோட்டத்து வீட்டில் எடுத்து, விடியற்காலைக் குளிரில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பையில் வைத்துக் கொண்டுபோனால் அசைவு குறைந்துதான் காட்டும், இல்லாத நோய்க்கு மருந்து தருவார்கள். ஆய்வுகூடத்திலேயே அதற்கென்று அறை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டு, அங்கேயே கொடுப்பது நல்லது. வேறு வழியில்லை, பக்கத்து நகரத்தில் தங்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் போத்தலைச் சட்டைக்குள், அக்குளை ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். மில்லிலீற்றருக்கு 16 மில்லியனும், அசைவு 42 சதவீதமும் கீழ் எல்லை. குறைவாக வந்தால் ஒரே பரிசோதனையில் முடிவு கட்டாமல் மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை விழும்.

மருமகளின் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. 72 கிலோ 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு ஒரு கணக்கு, 150 சென்ரிமீற்றர் ஆனவருக்கு வேறு கணக்கு. மாதவிடாய் 28, 30 நாளுக்கு ஒழுங்காக வருகிறதென்றால் அவருக்கு முட்டை பெரும்பாலும் விடுகிறது என்றுதான் பொருள். அப்போது எடையைக் காரணம் சொல்வது இன்னும் பலவீனமாகிறது. அவர் முன்னால் 'குண்டு' என்ற சொல்லை எடுக்காதீர்கள், அம்மா. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையலை மாற்றுங்கள், மகனும் சேர்ந்து குறைக்கட்டும்.

கேள்வி: முதல் பிள்ளைக்கு ஐந்து வயது. மூன்று மாதக் கருத்தடை ஊசி இரண்டு வருஷம் போட்டேன். கடைசி ஊசி போட்டு ஏழு மாதம். இன்னும் மாதவிடாய் வரவில்லை, 52 கிலோவாக இருந்தவள் 61 ஆகிவிட்டேன். ஊசியால் கருப்பை காய்ந்துவிடும் என்கிறார்களே? (பொகவந்தலாவை)

பதில்: காயாது. முதலில் ஒரு சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், மாதவிடாய் வராமலே கரு தங்கியிருக்கலாம். இல்லையென்றால், இந்த ஊசியை நிறுத்திய பின் கரு தங்க, கடைசி ஊசி நாளிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் ஆகும். 12 மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், 18 மாதத்தில் 93 சதவீதம் பேருக்கும் கர்ப்பம் தங்கியிருக்கிறது. நீங்கள் இன்னும் சாதாரண எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். கடைசி ஊசியிலிருந்து ஒரு வருடமாகியும் மாதவிடாய் வராவிட்டால் டொக்டரிடம் போங்கள். ஊசியால் எடை கூடுவது உண்மை, ஆனால் சராசரியாக இரண்டு வருடத்தில் நாலு கிலோ அளவுதான். மீதி ஐந்துக்குச் சாப்பாட்டையும் தைரொயிட்டையும் பாருங்கள். மூன்று, நாலு கிலோ இறக்கும் முயற்சியை இந்த மாதமே தொடங்கினால் மாதவிடாய் திரும்பும்போது உடம்பும் தயாராக இருக்கும்.

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து என் தங்கச்சிக்காக எழுதுகிறேன். 25 வயது, கொழுந்து எடுக்கிறாள். உயரம் 150, எடை 38 கிலோ. மாதவிடாய் மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறைதான். கல்யாணமாகி இரண்டு வருஷம். குண்டாக இருந்தால்தானே பிரச்சினை, இவளுக்கு என்ன?

பதில்: அக்கா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. தோட்டப்புறத்தில் இதுதான் அதிகம், பேசப்படுவதுதான் குறைவு. தங்கச்சியின் சுட்டி 16.9. உடம்புக்கு வரும் சக்தி செலவுக்குப் போதாதபோது மூளை, பிள்ளை சுமக்க இது நேரமல்ல என்று தீர்மானித்து, சூலகத்தை இயக்கும் ஹோர்மோனைக் குறைத்துவிடுகிறது. காலையில் ஒரு தேத்தண்ணியோடு பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கி, பத்து மணிக்கு அரை ரொட்டி, சாயந்தரம் எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியது என்று இருந்தால் இப்படித்தான் ஆகும்.

இவருக்கு எடைதான் முதல் சிகிச்சை. முட்டை வளர்க்கும் மாத்திரை இந்த நிலையில் பெரும்பாலும் பலிக்காது. பலித்தாலும் மாதம் நிறையாமல், எடை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்து அதிகம். சுட்டி 18.5 ஆக 41.6 கிலோ வேண்டும், அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நாளுக்கு 400, 500 கலோரி கூடச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எட்டிவிடலாம்.

விடியலில் புறப்படும் முன் ஒரு ரொட்டியும் முட்டையும். மலைக்குக் கொண்டுபோகும் டப்பாவில் இன்னொரு முழு ரொட்டி, ஒரு பிடி அவித்த கடலை, ஒரு வாழைப்பழம். இரவுச் சோற்றில் பருப்பைத் தண்ணீராக்காமல் கட்டியாக வைத்து, 25 கிராம் நெத்தலிக் கருவாடு சேர்த்தால் அதிலேயே 15 கிராம் புரதம். வீட்டில் மாடு இருந்தால் பால் முழுவதையும் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பாமல் ஒரு கோப்பையைத் தங்கச்சிக்கு வையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று பாருங்கள். பசியை அடக்குவது அது, வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு.

சாப்பிட்டும் ஏறாவிட்டால் காரணம் தேட வேண்டும். டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைரொயிட், சர்க்கரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. கொக்கிப் புழுவுக்கு மருந்தைக் கர்ப்பத்துக்கு முன்பே கேட்டு எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் என்றால் இரும்புச்சத்து மாத்திரை. அதைத் தேசிக்காய்த் தண்ணியோடு எடுக்க வேண்டும், தேத்தண்ணி ஒரு மணி நேரமாவது தள்ளி. சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் ஏறாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயந்து நிறுத்திவிட வேண்டாம். நாலு வாரத்தில் ஒரு கிராமாவது ஏறாவிட்டால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். தங்கச்சிக்கு அந்தக் கூறு இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே கணவருக்கும் பார்க்க வேண்டும்.

எடை ஏறிய பிறகும் மாதவிடாய் ஒழுங்காகச் சில மாதம் பிடிக்கும். 42 கிலோவில் ஆறு மாதம் நின்றும் வராவிட்டால் கண்டியிலோ பேராதனையிலோ உள்ள போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். போகும்போது மாதவிடாய் வந்த திகதிகளையும் மாதாமாதம் பார்த்த எடையையும் ஒரே கொப்பியில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபைச் சந்தித்து ஃபோலிக் அமில மாத்திரையை இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.